நிலுவையில் ஓர் எதிர்ப்பு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடும் மூக்கடைப்போடும் வந்து சேர்ந்துவிட்டேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பல் டாக்டர் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பது அழகுக்கு இல்லை, அதில் கொஞ்சம் உட்கார். அத்தானையும் உன் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல். குட்டிக்கு ஒரு முத்தம், தலையில் ஒரு குட்டு.

நீ வேலை பார்க்கும் கிளினிக் விலாசத்துக்கு எழுதுகிறேன் என்று கோபிக்காதே. போன் செய்தால் உங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறீர்கள். நான் தும்மினால்கூட ஆளுக்கு ஒரு கருத்து வருகிறது. எனக்கு அக்காவோடு மட்டும் பேசவேண்டும்.

வேலை பிடித்திருக்கிறது. டயர்க் கடைக்கு மேலே நீளமான ஓர் அறை, ஒரு வட்ட மேசை, ஏழு நாற்காலிகள். பழைய கட்டிடங்களின் லிஃப்டுகளைப் பராமரிப்பது எங்கள் வேலை. என்னோடு சேர்த்து ஏழு பேர். முதலாளி கிடையாது, மேனேஜர் கிடையாது, ஓட்டெடுப்பும் கிடையாது. எதுவானாலும் ஏழு பேரும் கை தூக்கினால்தான் முடிவு. ஆறு பேர் சரி என்று ஒருவர் மட்டும் கையை மடியில் வைத்திருந்தால், அவர் மனம் ஒப்பும்வரை அந்த விஷயம் அப்படியே நிற்கும். யாரும் யாரையும் அதட்டக் கூடாது.

முதல் நாள் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஐம்பது நிமிடம் பேசினோம். கடைசியில் பாதி திறந்தோம். சிரிக்காதே. இதற்கு முன் பார்த்த மூன்று வேலைகளிலும் என் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இங்கே குறிப்பு எழுதும் அம்மாள் நான் "ம்" என்றதைக்கூட நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆறு மாதம் தற்காலிகம். அதன்பின் மற்ற ஆறு பேரும் எனக்காகக் கை தூக்க வேண்டும். அங்கே உங்கள் வீட்டில் என் அறையில் ஜன்னலோரம் இருக்கும் கருவிப் பெட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் இடுப்பு என்னோடுதான் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. நீ மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தாயா, இல்லை அதற்கும் ஏழு பேரின் சம்மதம் வேண்டுமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நோயாளி பயந்துவிட்டார். உன்னைப் போன்ற வாயாடிக்கு இப்படி ஒரு வேலையா! முதல் வேலையில் சூப்பர்வைசரோடு சண்டை. இரண்டாவதில் கணக்குப்பிள்ளையோடு. மூன்றாவதில் யாரோடு என்று நீ சொல்லவே இல்லை.

ஒன்று மட்டும் கேள். உனக்குத் தெரிந்ததையெல்லாம் மேசையில் கொட்டாதே. நான் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதா? இல்லையே. ஆறு பேர் கை தூக்கினால் நீயும் தூக்கு. ஒரு கை என்ன பெரிய பாரமா? ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அப்புறம் அது உன் இடம்.

குட்டி உனக்கு ஒரு லிஃப்ட் படம் வரைந்து அனுப்பியிருக்கிறாள். உள்ளே நிற்பது நீயாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கு திறந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? குட்டியின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எனக்கு மூன்று விரல்தான் போட்டிருக்கிறாள், பரவாயில்லை.

ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் அறைச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் தாமதமாக ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொன்னேன். உடனே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கடிகாரம் சரியா, தவறா? வெல்டர் அதை இருபது வருடமாக நம்புகிறாராம். எலக்ட்ரீஷியன், "எனக்கென்னமோ அது சரியாத்தான் ஓடுதுன்னு படுது" என்றார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. தூக்கிய கையோடு சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். நீ சொன்னது ஞாபகம் வந்தது. நானும் தூக்கினேன். கடிகாரம் சரி என்று முடிவாயிற்று.

அக்கா, கீழே இறங்கி வந்தால் டயர்க் கடைக் கடிகாரமும் அதே நேரத்தைக் காட்டியது. என் கைக்கடிகாரமும்தான். எட்டரை மணி பஸ் எட்டரைக்கே வந்தது, அவர்களுடைய எட்டரைக்கு. ஒருவேளை முதலிலிருந்தே என்னுடையதுதான் தவறாக ஓடியதோ என்னவோ.

மூன்று நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வரட்டுமா? என் கட்டிலில் நன்றாக ஒரு தூக்கம் போடவேண்டும் போல் இருக்கிறது.

உன் தம்பி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? குட்டிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. அத்தானின் அக்கா வந்திருக்கிறார், கொஞ்ச நாள் எங்களோடு இருப்பார்.

கடிகாரத்தைப் பற்றி என்ன இவ்வளவு யோசனை? உன் கைக்கடிகாரம் நம் அப்பா காலத்துச் சாமான், அது நடந்தாலே பெரிது. சரியாக ஓடுகிற கடிகாரத்தைத் தவறு என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? நல்லவேளை, கை தூக்கினாய். புத்திசாலி.

உன் கருவிப் பெட்டியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வேலை செய்கிற இடத்திலேயே இருக்கட்டும், அங்கேதானே அதற்கு உபயோகம். உன் குளிர்ச் சட்டை இரண்டும், செருப்பும், அந்தப் பழைய தலையணையும் அதிலேயே வைத்துவிட்டேன். தலையணை இல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராதே.

டாக்டர் கூப்பிடுகிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. குட்டியின் காய்ச்சல் முழுக்கப் போய்விட்டதா? நான் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தேனே, நீ அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். நான் உட்காரும் நாற்காலி எனக்கு முன்பு வேறொருவருடையது. அலமாரியில் அவர் சட்டை தொங்குகிறது, காலரில் வியர்வைக் கறையோடு. யாருடையது என்று கேட்டேன். ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறிப்பு எழுதும் அம்மாள் மிக அன்பாகச் சொன்னார்: "அப்படி ஒருத்தர் இங்க இருந்ததே இல்லப்பா. அதைப் பேசி முடிவு பண்ணியாச்சு."

"அப்ப இந்தச் சட்டை?"

"எந்தச் சட்டை?" என்றார் வெல்டர். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நோட்டைப் புரட்டினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் இருந்தது. பதினொரு மாடிக் கட்டிடம் ஒன்றில் இரண்டாவது லிஃப்டைத் திறந்துவிடலாம் என்று ஆறு பேர் சம்மதம். அதன் கீழே ஒரே வரி: 'எதிர்ப்பு ஒன்று. நிலுவையில்.' எதிர்த்தவர் பெயர் இருந்த இடம் வெறும் தாளாக இருக்கிறது. அடித்தோ அழித்தோ இருந்தால் தடம் தெரியுமே, அதுவும் இல்லை.

அடுத்த பக்கங்களையும் படித்தேன். இவர்கள் செய்த அசட்டுத்தனத்தைக் கேள். அந்த மனிதர் தன் எதிர்ப்பை விலக்கிக்கொள்வதற்கு முன்பே, அவர் இருந்ததே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். இப்போது எதிர்ப்பு இருக்கிறது, ஆள் இல்லை. இல்லாதவர் சொன்னதை யார் விலக்குவது? அந்த நாற்காலியில் உட்காருபவர் விலக்கலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்து என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த லிஃப்ட் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. முதலாவது ஆறாம் மாடிவரைதான் போகும். மேல்மாடிகளில் வயதானவர்களும் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணும் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். அதைப் பார்த்தால் திறந்துவிட்டால்தான் என்ன என்றும் தோன்றுகிறது.

உன் தம்பி

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? வெறும் வயிற்றில் தேநீர் குடித்துக்கொண்டே இருந்தால் இப்படியெல்லாம்தான் தோன்றும்.

யாரோ ஒருவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அவர்களுக்குள் ஏதாவது மனஸ்தாபம் இருக்கும். அவர் பேச்சை எடுக்க வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டிலும் என் கொழுந்தன் பேச்சை யாரும் எடுப்பதில்லை, அவர் என்ன ஆவியாகவா போய்விட்டார்? அடுத்த தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் படியேறுவதை நினைத்துப் பார். யாரோ சொன்ன எதிர்ப்பை நீ ஏன் சுமக்கிறாய்? விலக்கிவிடு. ஜூலையில் உன்னை நிரந்தரமாக்குவார்கள். அதற்கப்புறம் எத்தனை நோட்டு வேண்டுமானாலும் புரட்டிக்கொண்டிரு.

அக்கா

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? எனக்குப் பத்து நாளாகச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி நலம்.

எதிர்ப்பை விலக்குவதற்கு முன் அந்த லிஃப்டை நானே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். மணல் மூட்டைகளை ஏற்றி ஐந்தாம் மாடியில் நிறுத்தினேன். அழகாக நின்றது. மோட்டார் அறைக்கு ஏறிப் போய்ப் பிரேக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தால், லிஃப்ட் பெட்டி அந்த மாடித் தரைக்கு நாலு விரல் கீழே இருந்தது. சத்தமே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அது அசையவும் இல்லை. தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தேன், ஐந்து விரல். பிரேக் பிடிமானம் போய்விட்டது. வேகம் மிஞ்சினால் பெட்டி ஓடும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டிய கருவியும் துருவேறி இறுகிக் கிடக்கிறது.

இரண்டையும் மாற்றினால் போதும், ஒரு வாரத்து வேலை. மேசையில் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பழுது பார்ப்பதென்றால் பழுது இருக்கிறது என்று முதலில் ஏழு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். ஆறு பேர் இல்லை என்கிறார்கள். வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார்கள். அவர்கள் ஆறு பேரும் பார்த்தபோது பெட்டி தரைக்குச் சமமாக நின்றது. "பாரு தம்பி, எவ்வளவு மட்டமா நிக்குது" என்றார் எலக்ட்ரீஷியன். அவர்கள் படியிறங்கியதும் நாலு விரல்.

மூன்று நாளாகக் கூடி உட்காருகிறோம். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஆறு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். தேநீர் ஆறிப் போகிறது. இரண்டு மணி நேரம் கை தூக்கியபடியே இருக்கிறார்கள், ஒருவர் கையும் நடுங்குவதில்லை. "உன் மனசு ஒப்பும்போது ஒப்பட்டும், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று அந்த அம்மாள் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அக்கா, ஒரு யோசனை வருகிறது. கடிகாரம் சரியாகிவிட்டதே. ஏழு பேரும் மனதார ஒப்பினால் இந்தப் பிரேக்கும் பிடித்துவிடுமோ? அப்படியென்றால் அது நழுவக் காரணம் நான் ஒருவன்தானா? இப்படி யோசிக்க ஆரம்பித்ததும் எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. நான் கிளம்பி வந்துவிடுகிறேன். ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வேறு வேலை தேடிக்கொள்கிறேன். என் அறை இருக்கிறதல்லவா? உடனே பதில் போடு.

தம்பி

மே 6

தம்பிக்கு,

இப்போது வராதே. வீட்டில் நிலைமை சரியில்லை, எல்லாவற்றையும் எழுத முடியாது.

இருபது வருடம் லிஃப்டோடு பழகியவர்கள் ஆறு பேர். அவர்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? இந்த வேலையையும் விட்டால் நாலாவது. அத்தானுக்கு நான் என்ன பதில் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கிவிடு. எனக்காக.

அக்கா

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

இன்று காலை எதிர்ப்பு விலக்கப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன். திறந்து பார்த்தபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். வெல்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு வருடமாக அவருக்கு முதுகில் ஏதோ அழுத்திக்கொண்டே இருந்ததாம், அது போய்விட்டதாம். அலமாரியில் அந்தச் சட்டையைக் காணவில்லை. சட்டை இருந்தது என்று எழுதும்போதே, இருந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது.

கடைசியாகக் கை தூக்கியவர்தான் முதலில் ஏற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாளை காலை பதினொரு மணிக்கு மேல்மாடியில் மூட்டைகளை நிரப்பிக்கொண்டு நான் கீழே இறங்கப் போகிறேன். எங்களுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

இதை மட்டும் நான் எழுதுகிறேன், நாங்கள் எழுதவில்லை. கை மேலே போனது, அக்கா. மனம் போகவில்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை. ஆறு பேரும் மனதாரத் தூக்கினார்கள், நான் உனக்காகத் தூக்கினேன். அது போதுமா போதாதா என்று எனக்குத் தெரியவில்லை. உன் மேல் கோபமில்லை. குட்டியைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூலை 2

என் தம்பிக்கு,

எப்படியடா இருக்கிறாய்? இது நான்காவது கடிதம். முதல் மூன்றும் கிடைத்தனவா? அங்கே போன் செய்தால் எடுப்பவர்கள் மிக அன்பாக நலம் விசாரிக்கிறார்கள், உன்னைக் கேட்டால் "யாரும்மா?" என்கிறார்கள்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நீ போன மறுவாரமே உன் அறையை அத்தானின் அக்காவுக்குக் கொடுத்துவிட்டோம். அத்தான், என் மாமியார், அத்தானின் அக்கா, நான், நாலு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் பேசினோம். "அவன் இனிமே இங்க வந்து தங்க வேண்டாம், எத்தனை தடவைதான் வேலையை விட்டுட்டு வருவான்" என்றார் அத்தான். என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையாட்டினேன். உன் கட்டிலை இரண்டு ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள், நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். இருக்கிறதல்லவா என்று நீ கேட்டபோது எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கையைத் தூக்கு என்று எழுதினேன். உன் நன்மைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

இப்போது இங்கே நடப்பதை யாரிடம் சொல்வேன்? போன வாரம் அத்தானிடம் உன்னைத் தேடிப் போகலாம் என்றேன். "உனக்கு ஏது தம்பி? நீ ஒரே பொண்ணுதானே" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். மாமியாரும் அதையே சொன்னார். குட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாவுக்கு லிஃப்ட் படம் வரைஞ்சு குடுத்தியே" என்று கேட்டேன். குழந்தை பாவமாக என்னைப் பார்த்துவிட்டு, "எந்த மாமாம்மா?" என்றாள். குழந்தை பொய் சொல்லவில்லை, தம்பி. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

அக்கா

ஜூலை 15

அம்மையீர்,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் அறுவரும் ஒருமனதாக விரும்புகிறோம்.

தங்கள் நான்கு கடிதங்களும் மேசையில் வைத்துப் படிக்கப்பட்டன. தங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

மே 20ஆம் தேதி காலை அந்தக் கட்டிடத்தில் சத்தம் எதுவும் எழவில்லை என்று முடிவாகியுள்ளது. கீழ்த்தளத்தில் புழுதி கிளம்பவில்லை. இரண்டாவது லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. எங்களோடு ஏழாவதாக ஒருவர் வேலை பார்த்ததில்லை, ஆகவே அவருக்கு எதுவும் நேர்ந்திருக்க வழியில்லை. இந்த நல்ல செய்தி தங்களுக்கும் ஆறுதலாக இருக்கும்.

ஒரு முடிவு யாரையெல்லாம் தொடுகிறதோ அவர்கள் அனைவரின் சம்மதமும் வேண்டும் என்பது எங்கள் கொள்கை. முன்பு ஒருமுறை இதில் கவனக்குறைவாக இருந்து இரண்டு வருடம் சிரமப்பட்டோம். தங்கள் கணவர், மாமியார், நாத்தனார், மகள் ஆகியோரின் சம்மதம் வந்து சேர்ந்துவிட்டது. தங்களுடையது ஒன்றே பாக்கி. 'எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை' என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டு, இணைத்துள்ள தாளைத் திருப்பி அனுப்பினால் போதும். அதன்பின் தங்களுக்கு எந்த வருத்தமும் இருக்காது. எங்கள் அனுபவத்தில் சொல்கிறோம்.

சம்மதமில்லாதவர் நேரில் வந்து எங்களோடு மேசையில் அமர்ந்து தம் எதிர்ப்பைச் சொல்லலாம். அது இருக்கும்வரை மேலே சொன்ன எதுவும் முடிவாகாது. ஆனால் தங்கள் இடுப்பு வலிக்கு இவ்வளவு தூரப் பயணம் ஆகாது என்பதிலும் நாங்கள் ஒருமனதாக இருக்கிறோம்.

தங்கள் நலம் நாடும்,
நாங்கள்

ஜூலை 24

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கும்,

நீங்கள் நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நான் நலமாக இல்லை.

உங்கள் தாளைக் கிளினிக் மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மறைப்பானேன், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் ஒருத்திதான் சாப்பாட்டின் நடுவே அழுகிறேன். "எதுக்கு அழறே, சொல்லித் தொலையேன்" என்று கேட்டால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு காரணம்கூட என்னிடம் இல்லை. காலையில் எழுந்தால் அவன் முகம் பாதிதான் நினைவுக்கு வருகிறது. கண் வருகிறது, வாய் வர மாட்டேன் என்கிறது. அப்படிப் பேசுகிறவனுக்கு வாய் இல்லாமல் போனால் அவன் என் தம்பியே இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன். இடது புருவத்தில் தழும்பு, சைக்கிளிலிருந்து விழுந்தது. சாப்பிடும்போது காலை ஆட்டுவான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் போட்ட கணக்குத் தப்பு என்று எழுந்து நின்று சொன்னான். வகுப்பு முழுக்க அது சரி என்றது. வெயிலில் நிற்க வைத்தார்கள். அன்றும் அவனைக் கூப்பிட்டு, சரின்னு சொல்லிட்டுப் போயேண்டா என்றது நான்தான். கணக்கு தப்பாகத்தான் இருந்தது. எனக்கு அது அன்றைக்கே தெரியும்.

நீங்கள் அவனைக் காத்திருந்து காத்திருந்து கை தூக்க வைத்தீர்கள். நான் காத்திருக்கக்கூட இல்லை, ஒரே கடிதத்தில் வைத்துவிட்டேன். உங்களைவிட என் பாவம் பெரிது. அதை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் அவன் இல்லவே இல்லை என்றால், நான் செய்ததும் இல்லை என்று ஆகிவிடும். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம்.

சனிக்கிழமை வருகிறேன். முதலில் அந்தக் கட்டிடத்துக்குப் போய், அந்த லிஃப்டில் ஏற வருகிறவர்களையெல்லாம் வாசலில் நிறுத்துவேன். உங்கள் லிஃப்டின் அடியில் இருக்கும் குழியைத் திறக்கச் சொல்வேன். அதற்குள் என்ன கிடக்கிறதோ அதை என் கண்ணால் பார்த்துவிட்டு உங்கள் அறைக்கு வருவேன். நீங்கள் அன்பாகப் பேசலாம், கையைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தலையாட்டியே பழகியவள் நான், எனக்கு இது புதிது, கை கால் எல்லாம் நடுங்குகிறது. இருந்தாலும் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் எழுதியிருப்பதைக் குறிப்பு எழுதும் அம்மாள் சத்தமாகப் படிக்கட்டும். எனக்குச் சம்மதமில்லை.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா